கம்பி ஜன்னலும் பாதாம் பூவும்

எங்கள் வில்லியனூர், பாகூர்ப் பக்கம் பல வீடுகளில் ஒரு பிள்ளையாவது பிரான்சில் இருக்கும். என் மகள் மார்சேயில். பேரனைப் பார்க்கப் போன என்னை, "மடம் ஒண்ணு பார்க்கலாம் வாம்மா" என்று சேன்-ரெமி ஊருக்கு அழைத்துப் போனாள்.

சேன்-போல் மடம் எண்ணூறு வருஷத்துக்கும் மேல் பழசு. கல் தூண்கள் சூழ்ந்த முற்றம், நம் தொட்டிக்கட்டு வீடு மாதிரி. பிற்காலத்தில் அது மனநோயாளிகள் இல்லமாயிற்று. 1889 மே 8-ஆம் தேதி, ஓவியர் வின்சென்ட் வான்கோ தாமாகவே வந்து சேர்ந்தது இங்கேதான். அவர் அறையை அந்தக் காலத்து மாதிரியே அமைத்து வைத்திருக்கிறார்கள். இரும்புக் கட்டில், ஜன்னலில் கம்பி. செலவெல்லாம் தம்பி தியோ பார்த்துக்கொண்டார்.

ஒரு வருஷத்தில் சுமார் 150 ஓவியங்கள்! பைத்தியம் பிடித்ததால்தான் அப்படி வரைந்தார் என்பார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நோய் முற்றிய வாரங்களில் பெரும்பாலும் தூரிகையைத் தொட முடியாமல் கிடந்தவர் அவர்.

1890 ஜனவரி 31-இல் தியோவுக்கு மகன் பிறந்தான். பெரியப்பா பெயரையே வைத்தார்கள். பெரியப்பா இங்கிருந்தே நீல வானத்தில் பாதாம் பூக்கிளை வரைந்து அனுப்பினார். அந்த ஜூலையில் அவரும், ஆறு மாதத்தில் தியோவும் போய்விட்டார்கள். கைக்குழந்தையோடு நின்ற தியோவின் மனைவி யோஹன்னா, வாடகைக்கு ஆள் தங்கவைத்துப் பிழைத்தார். கண்காட்சிகள் நடத்தி, 1914-இல் கடிதங்களையும் அச்சிட்டு, மைத்துனரை உலகறியச் செய்தவர் அவர்தான். நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

மடத்தின் ஒரு பகுதி இன்றும் மனநல மருத்துவமனைதான். அங்கே சிகிச்சை பெறும் பெண்கள் வரைந்த படங்கள் விற்பனைக்கு இருந்தன. மகள் ஒன்றை வாங்கினாள். மெதுவாக, "இவன் பொறந்தப்ப நானும் டாக்டர்கிட்ட போனேம்மா. ரெண்டு மாசம் காரணமில்லாம அழுதேன். மாத்திரை சாப்பிட்டுத்தான் சரியாச்சு. ஊர்ல தெரிஞ்சா என்ன சொல்வாங்களோன்னு உன்கிட்டகூடச் சொல்லல" என்றாள்.

எனக்குப் பேச்சு எழவில்லை. பேரனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

சகோதரிகளே, பிரசவமான முதல் சில நாள் அழுகை பலருக்கும் வரும், தானே அடங்கும். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை, தூக்கமின்மை, குழந்தைமேல் ஒட்டுதலின்மை இருந்தால் அது வியாதி. பேய் பிடித்ததல்ல, மருந்து உண்டு. தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடலாம் என்று தோன்றினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்குப் பேசினால் காசில்லை, தமிழிலேயே பேசலாம். கூடவே மாமியாரோ கணவரோ போனால் பாதி பயம் குறையும்.