கையில் ஒரு ஜாப், சட்டைப்பையில் ரிட்டர்ன் டிக்கெட்

பெங்களூரு மெட்ரோவின் பச்சை வழித்தடம் 2024 நவம்பரில் மாதாவரா வரை நீண்டது. இரண்டே மாதத்தில், 2025 ஜனவரி 23 முதல் 29 வரை, அந்தக் கடைசி ஸ்டேஷனை ஒட்டியிருக்கும் பெங்களூரு சர்வதேசக் கண்காட்சி மையத்தில் இம்டெக்ஸ் நடந்தது. உலோகத்தை வெட்டவும் கடையவும் துளையிடவும் செய்யும் இயந்திரங்களுக்கு இந்தியாவில் நடக்கிற மிகப் பெரிய கண்காட்சி அது. மெட்ரோ நீளும்வரை நாகசந்திராவில் இறங்கி, துமகூரு ரோட்டு நெரிசலில் கடைசி 3 கிலோமீட்டரை ஆட்டோவிலோ பஸ்ஸிலோ கடக்க வேண்டியிருந்தது. இப்போது நகர மையத்தின் மெஜஸ்டிக் ஸ்டேஷனில் ஏறினால் வாசலிலேயே இறங்கலாம். கோவையில் ராத்திரி ரயில் ஏறுகிற ஒருவர் காலையில் பெங்களூரு சேர்ந்து, நாள் முழுக்க அரங்குகளைச் சுற்றிவிட்டு, அன்று இரவே ஊர் திரும்பலாம். லாட்ஜ் செலவு கிடையாது. ஸ்லீப்பர் டிக்கெட், மெட்ரோ, நுழைவுச்சீட்டு, இரண்டு வேளைச் சாப்பாடு எல்லாம் சேர்த்தாலும் இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடித்துக்கொள்ளலாம்.

கோவையின் கணபதியிலும் பீளமேட்டிலும் இரண்டு, மூன்று லேத் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறவர்கள் இப்படித்தான் போய் வருகிறார்கள். விவரம் தெரிந்தவரின் பையில் சட்டை, துண்டோடு இன்னொன்றும் இருக்கும்: காட்டன் வேஸ்ட்டில் சுற்றிய ஒரு ஜாப், அதன் டிராயிங். பம்புக்கான ஷாஃப்டாக இருக்கலாம், வால்வு பாடியாக இருக்கலாம். தன் பட்டறையில் அதிக நேரம் தின்கிற, அதிகம் ரிஜெக்ட் ஆகிற பீஸாகப் பார்த்து எடுத்து வந்திருப்பார்.

ஸ்டாலுக்குள் நுழைந்ததும் டை கட்டிய இளைஞர் ஒருவர் பளபளப்பான கேட்லாக்கை நீட்டுவார். வந்தவரின் செருப்பையும் ரெக்சின் பையையும் பார்த்து, பேச்சை அதோடு முடிக்கவும் நினைப்பார். அப்போது பைக்குள்ளிருந்து அந்த ஜாப் வெளியே வரும். “ஏனுங்க, இதை உங்க மெஷின்ல போட்டா சைக்கிள் டைம் எவ்வளவுங்க வரும்?” ஒரு பீஸை முடிக்க எவ்வளவு நேரம் என்கிற அந்தக் கேள்விக்கு விற்பனைக்காரரிடம் பதில் இருக்காது. உள்ளே இருக்கிற அப்ளிகேஷன் இன்ஜினியரைக் கூப்பிடுவார். அவர் பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, டிராயிங்கின் ஓரத்தில் கணக்குப் போடத் தொடங்குவார். சில நேரம் கிடைக்கிற பதில், “புது மெஷின் வேண்டாம், இன்சர்ட்டை மாத்துங்க, ஃபீடைக் கூட்டுங்க” என்பதாகவும் இருக்கும். ஒரு பீஸுக்கு 30 விநாடி மிச்சம் என்றால், இரண்டு ஷிப்டில் 200 பீஸ் ஓட்டுகிற பட்டறைக்கு ஒரு நாளில் 100 நிமிடம் கையில் நிற்கும்.

இரண்டாயிரம் ரூபாயில் ஒரு சிறு பட்டறைக்கு இதைவிடப் பெரிய பயன் தரும் பயிற்சியைக் காட்டுவது கஷ்டம். ஆனால் சிறு தொழிலுக்கும் கண்காட்சிக்கும் நடுவே அரசு போட்டிருக்கும் பாலங்கள் அநேகமாக ஸ்டால் போடுகிறவரையே மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. பார்க்கப் போகிறவர் அந்தக் கணக்கில் பின்னுக்குத் தள்ளப்படுகிறார். இது மாற வேண்டும்.

ஸ்டால் போடுவதில் என்னென்ன செலவு ஒளிந்திருக்கிறது என்பது முதல் தடவை போடுகிறவருக்குத் தெரிவதில்லை. சிறிய ஸ்டால் என்றால் வழக்கமாக 3 மீட்டருக்கு 3 மீட்டர், அதாவது 9 சதுர மீட்டர். மூன்று பக்கம் தட்டி, மேலே பெயர்ப்பலகை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சில விளக்கு, ஒரு பிளக் பாயின்ட். பெரிய கண்காட்சிகளில் இதற்கே வாடகை லட்ச ரூபாயைத் தாண்டுவது சாதாரணம். அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இரண்டு பக்கம் திறந்த மூலை ஸ்டால் கேட்டால் கூடுதல். மெஷினை ஓட்டிக் காட்ட மின்சாரம் கிலோவாட் கணக்கில் தனி. இறக்கி வைக்க ஃபோர்க்லிப்ட் தனி. இரண்டு ஆட்கள் ஒரு வாரம் அறை எடுத்துத் தங்க வேண்டும். அந்த இரண்டு பேரில் ஒருவர் முதலாளி, இன்னொருவர் அவருடைய நல்ல ஆபரேட்டர் என்றால், ஊரில் பட்டறை அந்த வாரம் பாதி உயிரோடுதான் ஓடும்.

வெளிமாநிலத்துக்குப் போனால் இன்னொரு முடிச்சும் உண்டு. காட்சிக்கு மட்டும் பொருளைக் கொண்டுபோவதென்றால் டெலிவரி சலானும், மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில்லும் வேண்டும். அங்கேயே விற்பதென்றால், அந்த மாநிலத்தில் தற்காலிக வியாபாரியாக ஜி.எஸ்.டி. பதிவு எடுக்க வேண்டும். குறைந்தது 5 நாள் முன்னதாக விண்ணப்பித்து, வரக்கூடிய வரியை முன்கூட்டியே கட்ட வேண்டும். கைவினைப் பொருள் விற்பவர்களுக்கு ஒரு வரம்பு வரை இதில் விலக்கு உண்டு. இது தெரியாமல் சரக்கை ஏற்றிப் போய், வழியில் செக்கிங்கில் மாட்டி நிற்கிற லாரி கண்காட்சி முதல் நாளுக்கு வந்து சேராது.

முழுச் சரக்கையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதும் இல்லை. ஜெர்மனியின் லைப்சிக் நகரச் சந்தைக்கு நூற்றாண்டுக் கணக்கில் வியாபாரிகள் வண்டி வண்டியாகச் சரக்கு ஏற்றி வந்தார்கள். ரயிலும் ஆலையும் வந்த பிறகு அதற்குத் தேவை இல்லாமல் போனது. 1895இல் அந்த நகரம் மாதிரிகளை மட்டும் வைக்கிற சந்தையை நடத்தியது: மாதிரியைப் பார், ஆர்டர் கொடு, சரக்கு ஊரிலிருந்து வரும். இன்றைய தொழில் கண்காட்சிகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. நன்றாக மெருகு போட்ட ஆறு ஜாப்களும், டாலரன்ஸ் எழுதிய ஒரு அட்டையும், மெஷின் ஓடுகிற ஒரு வீடியோவும் 9 சதுர மீட்டருக்குத் தாராளமாகப் போதும்.

சரி, உதவித் திட்டங்களுக்கு வருவோம். மத்திய சிறு, குறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்தின் கொள்முதல் மற்றும் சந்தை ஆதரவுத் திட்டம், உத்யம் என்ற அரசுப் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு உள்நாட்டுக் கண்காட்சி ஸ்டால் வாடகையில் 80 சதவீதத்தை ஒரு உச்சவரம்புக்கு உட்பட்டுத் தருகிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு 100 சதவீதம். காகிதத்தில் இது நல்ல திட்டம். ஆனால் பணம் வருவது கண்காட்சி முடிந்து, பில்லும் ஆதாரமும் இணைத்து விண்ணப்பித்த பிறகு. முதலில் கைக்காசைப் போட வேண்டும்.

சிறு பட்டறைக்காரரிடம் இல்லாதது அந்தக் கைக்காசுதான். சிறு, குறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிறு நிறுவனத்திடம் பொருள் வாங்கியவர் 45 நாளைக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது. ஆனால் 90 நாள், 120 நாள் காத்திருக்கிற ஜாப் ஒர்க் பட்டறையைத் தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை. ஏற்கெனவே வாங்குபவரிடம் பணம் முடங்கிக் கிடக்க, ஸ்டால் வாடகைக்கும் கடன் வாங்கிக் கட்டிவிட்டு, அரசிடமிருந்து எப்போது வரும் என்று காத்திருக்கச் சொல்வது யாருக்கு உதவி? லட்ச ரூபாயை நாலு மாதம் தூங்கவிட முடிகிறவருக்குத்தான் 80 சதவீதமும் போய்ச் சேருகிறது. 100 சதவீதம் என்று எழுதியிருந்தாலும் முதல் நாள் கட்ட வேண்டிய தொகையில் ஒரு ரூபாய்கூடக் குறைவதில்லை. தொகையை நேரடியாகக் கண்காட்சி நடத்துகிறவருக்குச் செலுத்தினால் இந்தச் சிக்கலே கிடையாது. அரசு அமைப்புகளும் ஏற்றுமதி வளர்ச்சிக் கவுன்சில்களும் பொது அரங்கு எடுத்து உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அதையே விரிவாக்கலாம்.

இதில் தமிழ்நாட்டுத் தொழில்காரர்கள் அரசுக்காகக் காத்திருந்தவர்கள் இல்லை. டெல்லிக்கும் ஜெர்மனிக்கும் போக முடியாத சிறு தொழில்காரர்கள் கண்காட்சியைத் தங்கள் ஊருக்கே கொண்டுவந்தார்கள். 1969இல் தொடங்கிய கோவை மாவட்டச் சிறுதொழில்கள் சங்கமான கொடிசியா, அவிநாசி ரோட்டில் தனக்கென்று ஒரு கண்காட்சி வளாகத்தையே கட்டியது. எந்திரக் கண்காட்சியான இன்டெக்கும் விவசாயக் கண்காட்சியான அக்ரி இன்டெக்ஸும் அங்கே நடக்கின்றன. அம்பத்தூர் தொழிற்பேட்டைச் சங்கம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் ஆக்மி என்ற இயந்திரக் கண்காட்சியை நடத்துகிறது. திருப்பூரில், திருமுருகன்பூண்டியில், பின்னலாடைக்கென்றே ஒரு வளாகம் இருக்கிறது. வாங்குபவர் விமானம் ஏறி இங்கே வந்தால், விற்பவருக்கு டவுன் பஸ் டிக்கெட் போதும்.

புத்தகத் தொழிலிலும் இதே யோசனை வேலை செய்தது. ஒவ்வொரு அக்டோபரிலும் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடக்கும் புத்தகக் கண்காட்சியில் உலகின் மொழிபெயர்ப்பு உரிமைகள் பல கைமாறுகின்றன. அந்த வாரத்தில் அங்கே ஓட்டல் அறை விலையைக் கேட்டால் சிறு தமிழ்ப் பதிப்பாளர் மறுபேச்சு பேச மாட்டார். தமிழ்நாடு அரசு 2023 ஜனவரியில் சென்னை சர்வதேசப் புத்தகக் கண்காட்சியைத் தொடங்கி, வெளிநாட்டுப் பதிப்பாளர்களை இங்கே வரவழைத்தது; மொழிபெயர்ப்புக்கு நிதியும் ஒதுக்கியது. இரண்டு அறையில் பதிப்பகம் நடத்துகிறவர், பாஸ்போர்ட் இல்லாமலேயே வெளிநாட்டுப் பதிப்பாளரின் எதிரில் உட்கார முடிந்தது. கண்காட்சிக்கு ஆன அரசுச் செலவுகளில் இது உருப்படியான செலவு.

போகத்தான் வேண்டும் என்கிற தூரத்துக் கண்காட்சிகளும் உண்டு. அங்கே பணத்தைக் காப்பது டிக்கெட் விலையைவிட முன்தயாரிப்புதான். சீனாவின் குவாங்சோவில் 1957 முதல் நடக்கும் கான்டன் கண்காட்சியை எடுத்துக்கொள்ளலாம். வசந்தத்தில் ஒன்று, இலையுதிர்காலத்தில் ஒன்று. ஒவ்வொன்றும் ஐந்தைந்து நாளாக மூன்று கட்டம். இயந்திரமும் மின்னணுப் பொருளும் முதல் கட்டத்தில், வீட்டு உபயோகப் பொருள் இரண்டாவதில், துணிமணி மூன்றாவதில். வாங்க வருகிறவர் முன்பதிவு செய்தால் அனுமதி அட்டைக்குப் பணம் இல்லை. ஆனால் கட்டம் மாறிப் போய் இறங்கினால் விமானச் செலவு மொத்தமும் வீண். தேடிப்போன பொருளின் அரங்கு இன்னும் திறந்திருக்காது, அல்லது பிரித்து ஏற்றியிருப்பார்கள்.

ஸ்டால் போட்டவர்கள் இன்னொரு வலையில் விழாமல் இருக்க வேண்டும். கண்காட்சி முடிந்த சில வாரத்தில், “உங்கள் நிறுவன விவரத்தைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டு அனுப்பவும்” என்று ஒரு படிவம் வரும். கண்காட்சி நடத்தியவர்களே அனுப்பியது போலத் தோன்றும். கீழே பொடி எழுத்தில், மூன்று ஆண்டு விளம்பரத்துக்கு ஆண்டுதோறும் ஆயிரம் யூரோவுக்கு மேல் தரச் சம்மதம் என்று இருக்கும். உலகக் கண்காட்சி நடத்துநர்களின் சங்கமான யுஃபி இதைப் பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது. கையெழுத்துப் போடாதவர்களுக்கு அது வெறும் குப்பை. போட்டுவிட்டவர்களுக்கு வக்கீல் நோட்டீஸ் வரத் தொடங்கும்.

உள்ளூர்க் கண்காட்சியில் பார்வையாளருக்கு நாள் தேர்வும் முக்கியம். முதல் நாள் விழாவுக்கும் மந்திரிகளுக்கும் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை கல்லூரி மாணவர் கூட்டம். நடுவில் வருகிற வேலை நாளில் இன்ஜினியர்களுக்கு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். கடைசி நாள் மதியத்துக்கு மேல் வேறு வகை லாபம்: காட்சிக்கு வைத்த மெஷினைத் திரும்ப ஏற்றிப் போகிற செலவை நினைத்து விலை இறங்கி வருகிறவர்கள் பலர். வாங்கிய விசிட்டிங் கார்டின் பின்னால் என்ன பேசினோம் என்று அங்கேயே இரண்டு வரி எழுதிக்கொள்கிறவர், ஊருக்கு வந்து நாற்பது கார்டைப் பரப்பி வைத்து விழிக்க வேண்டியிருக்காது.

அரசுக்கும் சங்கங்களுக்கும் வைக்கக்கூடிய கோரிக்கை பெரிதல்ல. ஒரு ஸ்டாலுக்குத் திருப்பிக் கொடுக்கும் தொகையில் ஒரு பகுதியை, பார்க்கப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே கொடுக்கலாம். மாவட்டத் தொழில் மையம் பஸ் வாடகையைக் கட்டட்டும், ஆள் சேர்ப்பதைச் சங்கம் பார்த்துக்கொள்ளட்டும். முதலாளிகளோடு ஆபரேட்டர்களும் ஏறட்டும். மெஷினோடு நாள் முழுக்க நிற்கிறவர் கேட்கும் கேள்வியே வேறு. திரும்பி வந்த வாரத்தில் சங்க அலுவலகத்தில் எல்லோரும் ஒரு மாலை கூடி, யார் எங்கே என்ன பார்த்தார்கள் என்று சொல்லிக்கொள்ளட்டும். இதற்குப் புதுத் திட்டமோ புதுத் துறையோ வேண்டியதில்லை. அடுத்த இம்டெக்ஸுக்கு முந்தைய மாதம் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினால் போதும்: வியாழன் இரவு 9 மணிக்குப் பஸ் புறப்படும், 50 இடம், சனிக்கிழமை காலை திரும்பிவிடலாம், வருகிறவர்கள் டிராயிங்கோடு ஆளுக்கு ஒரு ஜாப் எடுத்து வரவும்.