வாசிப்புக்கு ஒரு பரீட்சை

தமிழ் எம்.ஏ. மாணவனுக்கு வாசிக்கத் தெரியுமா என்று நம் பரீட்சைகள் கேட்பதில்லை. வாசித்தவர்கள் சொன்னது அவனுக்கு ஞாபகம் இருக்கிறதா என்றுதான் கேட்கின்றன. கல்லூரி ஆசிரியத் தகுதிக்கான நெட் தேர்வில் 2012 முதல் ஒரு வாக்கியம்கூட எழுதிக் காட்ட வேண்டியதில்லை. நான்கு விடைகளில் ஒன்றைக் காட்டினால் போதும். புதுமைப்பித்தனின் இயற்பெயர் தெரிந்தவன் தேறிவிடலாம். ‘செல்லம்மா’ளில் பிரமநாயகம் பிள்ளை மனைவியின் சாவுக்கு முன் எப்படி நிற்கிறார் என்பதை அவன் தன் வார்த்தையில் சொல்ல வேண்டியதில்லை. நாளை அந்தக் கதையை வகுப்பில் நடத்தப் போகிறவன் அவன்தான்.

வாசிப்புத் திறனுக்கென்றே தனிப் பரீட்சை வகுக்க ஒரு பல்கலைக்கழகம் கூட்டிய கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். அங்கே சிபாரிசானது க்ளோஸ் முறை. வில்சன் டெய்லர் 1953-இல் அமெரிக்காவில், உரைநடை எவ்வளவு எளிதாக இருக்கிறது என்று அளக்கச் செய்தது. ஐந்து சொல்லுக்கு ஒரு சொல்லை எடுத்துவிட்டு, நிரப்பச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் வேற்றுமை உறவுகளைக் காட்ட முன்னிடைச் சொற்கள் தனித்தனியாக நிற்கின்றன. தமிழிலோ காலமும் இடமும் வேற்றுமையும் சொல்லுக்குள்ளேயே புதைந்திருக்கின்றன. ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ ஒரு சொல்லா, நான்கா? அச்சுக்கோப்பவர் எங்கே இடம் விட்டார் என்பதைப் பொறுத்துப் பரீட்சையே மாறிவிடும். இது சில்லறைக் கஷ்டம். பெரிய கஷ்டம் வேறு: கோடிட்ட இடத்தில் எல்லோரும் எதிர்பார்க்கும் சொல்லைப் போடுகிறவனுக்கு முழு மதிப்பெண். கவிதை பிறப்பதோ அந்தச் சொல்லை மறுத்த இடத்தில். தேய்ந்த மனசுக்குப் பரிசு தரும் பரீட்சை இது.

ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் செய்ததை நம் துறைகளில் பெயராக எல்லோரும் அறிவார்கள். எழுதியவர் பெயரில்லாமல் கவிதைகளைக் கொடுத்தார், ஒரு வாரம் அவகாசம் தந்தார், தோன்றியதை எழுதச் சொன்னார். எழுதியவர்களும் பெயர் போடவில்லை. பதின்மூன்று கவிதைகளுக்கு வந்த குறிப்புகள் 1929-இல் நூலாயின. ஜான் டன்னைத் தள்ளிவிட்டவர்கள் பலர். கவிதையின் நேர்ப்பொருளே பிடிபடாதவர்கள் ஏராளம். அந்த மாணவர்கள் மந்தபுத்திக்காரர்கள் அல்ல. பெயர் என்ற ஊன்றுகோல் போனதும் தடுமாறினார்கள், அவ்வளவுதான். இங்கே அதைச் செய்து பார்க்க யாருக்கும் தைரியம் இல்லை.

நான் கேட்பது ஒரே ஒரு பக்கம். நோட்ஸ் எழுதப்படாத, பெயர் நீக்கிய ஒரு கவிதை. அகராதி பக்கத்தில் இருக்கட்டும். பேசுவது யார், யாரிடம், என்ன நடந்தது என்று மாணவன் முதலில் சொல்லட்டும். எந்தச் சொல்லைக் கொண்டு சொல்கிறான் என்று விரலை வைத்துக் காட்டட்டும். ரசனை, தத்துவம் எல்லாம் பிறகு. இதை யார் திருத்துவது, மதிப்பெண்ணில் ஒருமை வராதே என்கிறார்கள். இரண்டு பேர் தனித்தனியே திருத்தட்டும். ரொம்ப வேறுபட்டால் மூன்றாமவரிடம் போகட்டும். ஆனால் அதற்கு முன்னால், திருத்தப் போகிறவர்கள் அதே பக்கத்தை வாசித்துத் தங்கள் குறிப்பை எழுதித் தரட்டும். அவற்றை இந்தப் பத்திரிகையிலேயே போடலாம், பெயரில்லாமல்.