மாற்றப்பட்ட பெடியன் எங்கே?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறபோது வாசியுங்கள். உரும்பிராய், ஊரெழு, கோப்பாய், நீர்வேலிப் பக்கம் பின்னேரத்தில் மைதான வேலியோரம் நிற்கிற எல்லாருக்குமாக எழுதுகிறோம். பாடசாலையின் பெயரோ பிள்ளையின் பெயரோ இதில் வராது. தெரிந்தவர்களும் தயவுசெய்து எழுத வேண்டாம்.

விசயம் இதுதான். ஒரு பாடசாலை உதைபந்தாட்ட அணி முதல் இரண்டு ஆட்டத்திலும் தோற்றது. நடுக்களத்தில் நின்று பந்தைப் பிரித்துக் கொடுக்கிற பெடியனை மாற்றினார்கள். அடுத்த மூன்று ஆட்டமும் வெற்றி. உடனே முகநூலில் தீர்ப்பு வந்துவிட்டது. "இதை முதலே செய்திருக்க வேணும்." "அவனாலதான் தோற்றது." ஒருவர் அந்தப் பிள்ளையின் படத்தையே போட்டிருந்தார். பிள்ளைக்குப் பதினேழு வயது.

அந்த ஐந்து ஆட்டத்தையும் நாங்கள் பார்த்தோம். முதல் இரண்டும் பலமான அணிகளோடு. அவற்றில் வாங்கிய ஐந்து கோல்களில் மூன்று மூலை உதையில் இருந்து வந்தவை. மூலை உதையைத் தடுக்கிறது நடுக்களத்துப் பெடியனின் வேலையா? பிறகு வென்ற மூன்றில் ஒன்றில் எதிரணி ஒன்பது பேரோடுதான் ஆட்டத்தை முடித்தது. இதையெல்லாம் ஒருவரும் எழுதவில்லை.

மாற்றினது பிழை என்று சொல்ல வரவில்லை. பொறுப்பாசிரியர் யோசித்துத்தான் செய்தார். புதிதாக வந்த பெடியனும் நன்றாக விளையாடுகிறான், பந்தை வேகமாக விடுகிறான். எங்கள் கேள்வி மற்றப் பெடியனைப் பற்றியது. அவன் பயிற்சிக்கு வந்து மூன்று கிழமையாகிறது. சப்பாத்தைத் தம்பியாரிடம் கொடுத்துவிட்டானாம்.

ஒரு அணியின் நடுவில் நிற்கிறவரை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2014 இருபதுக்கு இருபது உலகக்கிண்ணம், பங்களாதேஷில் நடந்தது. இலங்கை அணித்தலைவர் தினேஷ் சந்திமால். வயது 24. தென்னாபிரிக்காவை வென்றார்கள், நெதர்லாந்தை 39 ஓட்டத்துக்குச் சுருட்டினார்கள், மார்ச் 27 இங்கிலாந்தோடு 189 அடித்தும் தோற்றார்கள். அந்த ஆட்டத்தில் பந்துவீச எடுத்த நேரம் கூடிவிட்டது என்று சந்திமாலுக்கு ஓர் ஆட்டத் தடை. அவருடைய துடுப்பும் அந்தத் தொடரில் சரியாகப் பேசவில்லை.

மார்ச் 31 நியூசிலாந்தோடு. தோற்றால் வீட்டுக்கு. லசித் மாலிங்க தலைவர், சந்திமாலின் இடத்தில் லஹிரு திரிமான்ன. மாற்றத்துக்குப் பிறகு அணி எப்படி ஆடியது தெரியுமா? 119 ஓட்டத்துக்கு எல்லாரும் ஆட்டமிழந்தார்கள். அந்த இடைவேளையில் யாராவது பதிவு போட்டிருந்தால் "மாலிங்கவிடம் கொடுத்து நாசமாக்கிவிட்டார்கள்" என்றுதான் எழுதியிருப்பார்கள். ஒன்றரை மணித்தியாலம் கழித்து நியூசிலாந்து 60 ஓட்டத்தில் முடிந்தது. ரங்கன ஹேரத் 3.3 ஓவர் வீசி, 3 ஓட்டம் கொடுத்து 5 விக்கெட். அந்தத் தொடரில் அதுதான் அவருக்கு முதல் ஆட்டம். அதுவரை வெளியே இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், அஜந்த மென்டிஸின் இடத்தில் உள்ளே வந்தார்.

இப்போது சொல்லுங்கள், அந்த வெற்றி தலைவரை மாற்றியதால் வந்ததா? மாலிங்க நல்ல தலைவர்தான், அதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த இரவு வென்று கொடுத்தது, இடம் கிடைக்காமல் இருந்த நாட்களிலும் கையைச் சூடாக வைத்திருந்த ஒரு மனிதர்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எங்கட பெடியன்களுக்குச் சொல்ல வேண்டும். சந்திமாலின் தடை ஓர் ஆட்டத்துக்குத்தான். மேற்கிந்தியத் தீவுகளோடு அரையிறுதிக்கு அவர் திரும்பி வந்திருக்கலாம், தலைவராகவே வந்திருக்கலாம். வரவில்லை. அணியின் நன்மைக்காக வெளியே நிற்கிறேன் என்று தானே சொன்னார். உலகக்கிண்ண அரையிறுதியில் நாட்டின் தலைவர், 24 வயதில், மேலங்கி போட்டுக்கொண்டு தண்ணீர் கொடுக்கிறவர்களோடு இருந்தார். அரையிறுதியை மழை குழப்பி 27 ஓட்டத்தால் வென்றோம். ஏப்ரல் 6 மிர்பூரில் இறுதியாட்டம். கோலி 77 அடித்தும் இந்தியா 130 தான். கடைசி நாலு ஓவரில் அவர்களால் 19 ஓட்டம்தான் எடுக்க முடிந்தது. யுவராஜ் சிங் 21 பந்துக்கு 11. சங்கக்கார ஆட்டமிழக்காமல் 52 எடுத்து, 17.5 ஓவரில் முடித்துவைத்தார். சங்காவுக்கும் மஹேலவுக்கும் அதுதான் கடைசி இருபதுக்கு இருபது சர்வதேச ஆட்டம். ஆசிரிய கலாசாலை விடுதியில் ஒரு பழைய தொலைக்காட்சியைச் சுற்றி இருந்து நாங்கள் பார்த்தது. விடுதிப் பொறுப்பாளர் இரண்டு தரம் வந்து சத்தம் போட்டுவிட்டு, மூன்றாம் தரம் தானும் இருந்துவிட்டார்.

சந்திமாலின் கதை அதோடு முடியவில்லை. அடுத்த வருடம் காலியில் இந்தியாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 162. தோற்கிற டெஸ்ட்டை அந்த ஆட்டம்தான் திருப்பியது. 2017இல் டெஸ்ட் அணித்தலைவர். 2022இல் அதே காலியில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 206. 2014 மார்ச்சில் "இவர் முடிந்தார்" என்று எழுதியவர்கள் அந்த வரியை எங்கே அழித்தார்களோ தெரியாது.

இன்னொரு கதையும் இருக்கிறது. இது அமெரிக்காவில். அங்கே பல்கலைக்கழக அணிகள் விளையாடுகிற ஒரு ஆட்டம், பெயர் உதைபந்து, விளையாடுவது பெரும்பாலும் கையால். (இந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று எங்களிடம் கேட்க வேண்டாம்.) அதில் குவாட்டர்பேக் என்று ஓர் இடம். ஒவ்வொரு தடவையும் பந்து முதலில் அவனிடம் வரும், யாருக்கு எறிவது என்று அவன்தான் முடிவெடுப்பான். வென்றால் அவனால், தோற்றாலும் அவனால். நாங்கள் மேலே சொன்ன நடுக்களத்துப் பெடியனின் நிலைமைதான், பத்து மடங்கு கூட.

அலபாமா பல்கலைக்கழக அணியின் குவாட்டர்பேக் ஜேலன் ஹேர்ட்ஸ். இரண்டு பருவமாக அவர் தொடங்கிய ஆட்டங்களில் தோற்றது இரண்டே இரண்டு. 2018 ஜனவரி 8, தேசிய இறுதியாட்டம், அரைநேரத்தில் ஜோர்ஜியா அணி 13க்கு 0 என்று முன்னால். பயிற்றுநர் நிக் சேபன் அந்த அரைநேரத்திலேயே ஹேர்ட்ஸை இருத்திவிட்டு, முதலாம் வருட மாணவன் டுவா டங்கோவைலோவாவை இறக்கினார். ஆட்டம் சமனாகி மேலதிக நேரத்துக்குப் போனது. புதியவன் முதலில் 16 யார் பின்னுக்கு விழுத்தப்பட்டான். அடுத்த எறியில் 41 யார் தூரத்துக்குப் பந்தை விட்டான், அது டெவொன்டா ஸ்மித்தின் கைக்குப் போனது, 26க்கு 23 என்று வெற்றி. உலகமே டுவாவைக் கொண்டாடியது. அந்தக் கொண்டாட்டத்துக்குள் ஹேர்ட்ஸும் துள்ளிக்கொண்டு நின்றார்.

அடுத்த பருவம் முழுக்க டுவாதான் முதல்வன். ஹேர்ட்ஸ் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்கலாம். போகவில்லை. ஒவ்வொரு நாளும் பயிற்சிக்கு வந்தார். 2018 டிசம்பர் 1, அதே மைதானம், அதே ஜோர்ஜியா. கடைசிக் காற்பகுதியில் டுவாவுக்குக் காயம், அணி 28க்கு 21 என்று பின்னால். ஹேர்ட்ஸ் உள்ளே வந்தார். ஒரு எறியால் சமன் செய்தார், ஒரு நிமிடம் சொச்சம் இருக்கும்போது தானே பந்தோடு ஓடிப்போய் வென்று கொடுத்தார். 35க்கு 28.

அந்தப் பருவத்தின் இறுதியாட்டத்தில் டுவாவோடு இறங்கிய அதே அலபாமா, கிளெம்சனிடம் 44க்கு 16 என்று அடிவாங்கியது. ஆளை மாற்றினால் எல்லாம் சரி என்றால் இதுவும் சரியாக இருந்திருக்க வேண்டுமே. ஹேர்ட்ஸ் அதன்பிறகு ஒக்லஹோமாவுக்குப் போய், தொழில்முறை ஆட்டத்துக்கு வந்து, 2025 பெப்ரவரியில் பிலடெல்பியா அணிக்கு சூப்பர் போல் கிண்ணத்தை வென்று, ஆட்டநாயகனும் ஆனார்.

மாற்றியும் சரிவராத கதை வேண்டுமென்றால் சென்னை சுப்பர் கிங்ஸ் இருக்கிறது. எங்கட பெடியன்களுக்கு இது தண்ணிபட்ட பாடு. 2022இல் டோனி விலகி ஜடேஜா தலைவர்: எட்டு ஆட்டத்தில் இரண்டு வெற்றி. திரும்ப டோனி: ஆறு ஆட்டத்தில் இரண்டு வெற்றி. பத்து அணிகளில் ஒன்பதாம் இடம். டோனியாலேயே தூக்க முடியாத அணியை ஜடேஜா கெடுத்தார் என்று எப்படிச் சொல்வது? தீபக் சஹர் காயத்தால் ஓர் ஆட்டம்கூட ஆடாத வருடம் அது. அடுத்த வருடம் இறுதியாட்டத்தில் கடைசி இரண்டு பந்துக்குப் பத்து ஓட்டம் வேண்டியிருந்தபோது சிக்சும் ஃபோரும் அடித்தவர், தலைமையை விட்டுக் கொடுத்த அதே ஜடேஜா.

இந்தப் பெயர்களை வாசிக்கும்போது எங்களுக்கு வேறொருவரின் நினைவும் வந்தது. வென்றுகொண்டிருந்த தளபதி காலித் பின் வலீத் (ரழி) அவர்களைக் கலீஃபா உமர் (ரழி) மாற்றினார்கள். காலித் புதிய தளபதி அபூ உபைதாவின் கீழ் அதே படையில் நின்றார்கள். எங்கள் மாணவர்களுக்கு இந்த வரலாறு பரீட்சைக் கேள்வியாகத்தான் தெரியும்.

சரி, எங்கட மைதானத்துக்கு வருவோம். மேலே சொன்ன மூன்று பேரும் விலக்கப்பட்ட பிறகும் அணிக்குள்ளேயே இருந்தார்கள். இருந்ததால்தான் அணிக்குத் திரும்பவும் உதவினார்கள். எங்கட பாடசாலைகளில் அப்படி நடப்பது குறைவு. ஏனென்றால் நாங்கள் மாற்றுகிற விதம். அனேகமான இடங்களில் பெடியன் தான் இல்லை என்பதை அறிவித்தல் பலகையில் அல்லது வட்ஸ்அப் குழுவில் பார்த்துத்தான் அறிகிறான். அதுவும் தன் கூட்டாளிமார் பார்த்த பிறகு. ஒருவரும் கூப்பிட்டு "தம்பி, இந்த ஆட்டத்துக்கு இந்தக் காரணத்துக்காக மாற்றுகிறோம், நீ இன்னின்னதைச் சரிசெய்தால் திரும்ப வரலாம்" என்று சொல்வதில்லை. ஐந்து நிமிட வேலை. பிறகு பயிற்சியில் அவனை ஓரமாக நிற்க விடுகிறோம், பந்து பொறுக்க விடுகிறோம். வீட்டுக்குப் போனால் தகப்பன் "உன்னை ஏன் எடுத்தவங்கள்?" என்று கேட்கிறார். கைபேசியைத் திறந்தால் பழைய மாணவர் அண்ணாமார் வெளிநாட்டில் இருந்து அவனைப் பற்றித் தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள். கனடாவில் இருந்தும் இலண்டனில் இருந்தும் நீங்கள் அனுப்புகிற காசில்தான் பந்தும் சீருடையும் வருகிறது, அதற்கு நன்றி. ஆனால் அந்தப் பதிவை வாசிக்கிறவனுக்குப் பதினேழு வயது என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

சந்திமாலுக்குச் சம்பளம் இருந்தது. ஹேர்ட்ஸுக்குப் புலமைப்பரிசில் இருந்தது. எங்கட பெடியனுக்கு இருந்தது பின்னேரம் மூன்றரையில் இருந்து ஐந்தரை வரைக்கும் ஒரு மைதானமும் பத்துக் கூட்டாளிமாரும். அதுவும் போனால் அந்த இரண்டு மணித்தியாலம் அவன் எங்கே நிற்பான்? இந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் எந்தச் சந்தியில் என்ன விற்கிறது என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. தோற்ற இரண்டு ஆட்டத்தைவிட எங்களுக்கு அந்த இரண்டு மணித்தியாலம்தான் பயம்.

சிலர் கேட்பீர்கள், அப்படியென்றால் யாரையும் மாற்றக்கூடாதா என்று. மாற்றலாம், மாற்றத்தான் வேண்டும். பழகின முகம் என்று ஒருவனையே வைத்திருந்தால், வெளியே இருக்கிற பெடியனுக்கு அது அநியாயம். இப்போது உள்ளே வந்திருக்கிற பெடியனும் இரண்டு வருடம் காத்திருந்தவன்தான். ஒரு நாள் அவனும் இரண்டு ஆட்டம் சறுக்குவான். அப்போது அவனுடைய படத்தையும் போடுவீர்களா?

அடுத்த ஆட்டத்துக்கான பட்டியல் வியாழக்கிழமை ஒட்டப்படும். அதற்கு முன்னர் பொறுப்பாசிரியரும் நாங்களும் அந்தப் பெடியனின் வீட்டுக்குப் போகிறோம். பதினொருவரில் இடம் தருகிறோம் என்று வாக்குக் கொடுக்கப் போவதில்லை. பயிற்சிக்கு வா, நடுக்களத்தில் உன்னோடு இன்னும் இரண்டு பேரைப் பழக்க வேணும் என்று கேட்கப் போகிறோம். மூலை உதைக்கு ஆள் நிறுத்துவதைப் பற்றியும் கதைக்க இருக்கிறது. அதை அவன்தான் முதலில் கவனித்துச் சொன்னவன், ஒருவரும் கேட்கவில்லை.

படம் போட்ட சகோதரர் இதை வாசித்தால், அதை எடுத்துவிடுங்கள். உங்களோடு எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. மற்றவர்கள் உங்கள் கருத்தைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள், எங்களோடு உடன்படாவிட்டாலும் எழுதுங்கள். பிள்ளைகளின் பெயர் வந்தால் மட்டும் அழித்துவிடுவோம்.