செவ்வாய்ப்பேட்டைக்கும் மாநிலங்களவைக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசுக்கு 3 சதவிகிதம். ஒரு மூட்டை ஜவ்வரிசிக்கு 5 சதவிகிதம். நாமக்கல் முட்டைக்கு வரியே இல்லை. அந்த முட்டையை ஏற்றிப் போகும் லாரியைப் புதிதாக வாங்கினால் 18 சதவிகிதம். லாரிக்கு ஊற்றும் டீசலோ ஜி.எஸ்.டி. கணக்கிலேயே வராது. மத்திய அரசுக்கு ஒரு வரி, மாநில அரசுக்கு ஒரு வரி என்று அதற்குத் தனி வழி.

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் பிழைப்பு நடத்துகிறவர்கள் இந்த ஐந்தில் ஒன்றையாவது தொடாமல் ஒரு நாளைக் கடத்த முடியாது. ‘இதையெல்லாம் யார் முடிவு பண்றது?’ என்று கேட்டால், ‘டெல்லிதான்’ என்று பதில் வரும். டெல்லியில் யார்? ‘நிதி அமைச்சர்.’ சரி, அந்த நிதி அமைச்சரிடம் நம் ஊர்க் கணக்கை யார் கேட்பது? இந்த இடத்தில்தான் பேச்சு நின்றுவிடும்.

அதற்கான விடையைத் தேடினால், பலரும் பெயரளவில் மட்டுமே அறிந்த ஒரு சபைக்குப் போய்ச் சேரலாம். மாநிலங்களவை.

தாக்கல் செய்யலாம், ஓட்டுப் போட முடியாது

2019 முதல் நிதி அமைச்சராக இருக்கும் நிர்மலா சீதாராமன் மதுரையில் பிறந்தவர். கர்நாடகத்திலிருந்து தேர்வான மாநிலங்களவை உறுப்பினர். பட்ஜெட் உரையை அவர் வாசிப்பது மக்களவையில். வாசித்து முடித்த பிறகு அதன் பிரதி மாநிலங்களவையில் வைக்கப்படும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. அரசியல் சட்டத்தின் 88-வது பிரிவுப்படி, ஓர் அமைச்சர் எந்த அவையிலும் பேசலாம். ஆனால், தான் உறுப்பினராக உள்ள அவையில் மட்டும்தான் ஓட்டுப் போடலாம். தான் தயாரித்த பட்ஜெட் மக்களவையில் வாக்கெடுப்புக்கு வரும்போது, நிர்மலா சீதாராமனால் அதற்கு ஆதரவாக ஒரு ஓட்டுகூடப் போட முடியாது!

இது இவரோடு ஆரம்பித்த கதையல்ல. 1991-ல் நிதி அமைச்சராகி பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட மன்மோகன் சிங், அசாமிலிருந்து மாநிலங்களவைக்கு வந்தவர். ஜி.எஸ்.டி.யைக் கொண்டுவந்த அருண் ஜெட்லி, அப்போது குஜராத்திலிருந்து வந்த மாநிலங்களவை உறுப்பினர்.

நிதி அமைச்சரே உட்கார்ந்திருக்கும் அவைக்குப் பண விஷயத்தில் எவ்வளவு அதிகாரம் இருக்க வேண்டும்? அங்குதான் ஏமாற்றம். பண மசோதாவை மாநிலங்களவையில் அறிமுகம் செய்யவே முடியாது. மக்களவையில் நிறைவேறி வரும் பண மசோதாவை 14 நாள்களுக்குள் திருப்பி அனுப்பியாக வேண்டும். திருத்தம் சொல்லலாம், அதை ஏற்பதும் தள்ளுவதும் மக்களவையின் இஷ்டம். 14 நாள் தாண்டினாலும் மசோதா நிறைவேறியதாகவே கணக்கு. எந்தத் துறைக்கு எவ்வளவு பணம் என்ற மானியக் கோரிக்கைகளிலும் மாநிலங்களவைக்கு ஓட்டு இல்லை.

பந்தியில் உட்கார்ந்து, உப்பு கூடுதல், புளி குறைச்சல் என்று சொல்லலாம். சமையலறைப் பக்கம் போக முடியாது. பணத்தைப் பொறுத்தவரை மாநிலங்களவையின் நிலைமை அதுதான்.

சாவி கைக்கு வந்த நாள்

ஆனால், ஒரே ஒரு முறை சமையலறைச் சாவியே அந்த அவையின் கைக்கு வந்தது. அந்த நாள் 2016 ஆகஸ்ட் 3.

ஜி.எஸ்.டி.யைக் கொண்டுவர வேண்டுமென்றால் அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும். அதற்கு இரண்டு அவைகளிலும் தனித்தனியே, வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. அங்கே 14 நாள் கெடுவும் கிடையாது. மக்களவை 2015 மே மாதமே மசோதாவை நிறைவேற்றிவிட்டது. மாநிலங்களவையில் ஆளும் தரப்புக்கு அப்போது பெரும்பான்மை இல்லை. மசோதா தேர்வுக் குழுவுக்குப் போனது. நிதி அமைச்சர் ஜெட்லி எதிர்க்கட்சிகளோடும் மாநிலங்களோடும் பேசிப் பேசித்தான் அதை நகர்த்த முடிந்தது.

அன்றைய விவாதத்தில் தமிழ்நாட்டின் கவலை என்ன என்பதைப் புரிந்துகொள்ள ஜவ்வரிசி மூட்டை ஒன்றே போதும்.

ஆத்தூர், ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கம் விளையும் மரவள்ளிக் கிழங்கு, சேகோ ஆலைக்குப் போய் ஜவ்வரிசியாகிறது. அதில் பெரும்பங்கு போய்ச் சேருவது மகாராஷ்டிரா, குஜராத் போன்ற மாநிலங்களுக்கு. அங்கே விரத நாள்களில் ஜவ்வரிசிக் கிச்சடி இல்லாமல் முடியாது. பழைய முறையில், ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குச் சரக்கு விற்றால் மத்திய விற்பனை வரி என்று ஒன்று உண்டு. 2 சதவிகிதம் என்று இருந்த அந்த வரி, சரக்கு புறப்படும் மாநிலத்துக்குப் போகும்.

ஜி.எஸ்.டி. அதைத் தலைகீழாக்கியது. இப்போது வரி, பொருளைப் பயன்படுத்தும் மாநிலத்துக்கு. கிழங்கு பயிரிட்டது சேலம், ஆலை ஓட்டியது சேலம், கழிவுநீரைச் சுமப்பது சேலம். கிச்சடி சாப்பிட்ட மாநிலத்துக்கு வரியில் மாநிலப் பங்கு. வடக்கே போகும் கொலுசுக்கும் இதே கதைதான்.

இதனால்தான் ‘உற்பத்தி மாநிலங்களுக்கு நஷ்டம்’ என்று தமிழ்நாடு தொடர்ந்து சொன்னது. ஆறுதலாக, மாநிலம் தாண்டும் சரக்குக்கு 1 சதவிகிதக் கூடுதல் வரி என்று முதல் மசோதாவில் ஒரு பிரிவு இருந்தது. வரி மேல் வரி ஏறும், ஒரே சந்தை என்ற நோக்கமே கெட்டுவிடும் என்ற எதிர்ப்பு வர, அது நீக்கப்பட்டது. பதிலுக்கு, மாநிலங்களின் வருவாய் இழப்பை ஐந்து ஆண்டுகளுக்கு மத்திய அரசு ஈடுகட்டும் என்பது உறுதியானது. அந்த ஐந்து ஆண்டுகள் 2022 ஜூன் மாதத்தோடு முடிந்துவிட்டன.

வாக்கெடுப்பில் ஆதரவு 203, எதிர்ப்பு பூஜ்யம். மாநில உரிமை பறிபோகிறது என்று சொல்லி, வாக்களிக்காமல் அ.தி.மு.க. வெளிநடப்பு செய்தது.

சிதம்பரம் கேட்ட வாக்குறுதி

அன்று காங்கிரஸ் தரப்பில் பேசியவர் முன்னாள் நிதி அமைச்சர் ப.சிதம்பரம். 2006 பட்ஜெட்டில் ஜி.எஸ்.டி.க்குத் தேதி குறித்தவரே அவர்தான். அவர் கேட்டவற்றில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, பொதுவான வரி விகிதம் 18 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு, இதைத் தொடர்ந்து வரப்போகும் ஜி.எஸ்.டி. சட்டங்களைப் பண மசோதாவாகக் கொண்டுவரக் கூடாது.

இரண்டாவது கோரிக்கையின் அர்த்தம் இப்போது விளங்கும். பண மசோதாவாக வந்தால் மாநிலங்களவை பழையபடி பந்திக்குப் போய்விடும். ஜெட்லி அந்த வாக்குறுதியைத் தரவில்லை.

அடுத்த ஆண்டு நான்கு ஜி.எஸ்.டி. மசோதாக்கள் வந்தன. பண மசோதாக்களாகவே வந்தன. 2017 மார்ச் 29-ல் மக்களவை நிறைவேற்றியது. ஏப்ரல் 6-ல் மாநிலங்களவை ஒரு திருத்தமும் இல்லாமல் திருப்பி அனுப்பியது. ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்தது. எட்டு மாதங்களுக்கு முன் கையில் இருந்த சாவி, திரும்பப் போய்விட்டது.

பதினெட்டு ஒன்றான கணக்கு

சாவி போனது மக்களவைக்கும் அல்ல. ஜி.எஸ்.டி. கவுன்சில் என்ற புதிய அமைப்புக்கு.

மத்திய நிதி அமைச்சர் அதன் தலைவர். ஒவ்வொரு மாநிலத்தின் சார்பிலும் ஓர் அமைச்சர் அதில் உறுப்பினர். வாக்கெடுப்பு என்று வந்தால் மத்திய அரசின் ஓட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. ஒரு முடிவு நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். அதாவது, மத்திய அரசு வேண்டாம் என்றால் எதுவும் நடக்காது. ஒரு மாநிலம் மட்டும் தனியாக வேண்டாம் என்றால் எதுவும் நிற்காது.

மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18 இடங்கள், கோவாவுக்கு 1. ஜி.எஸ்.டி. கவுன்சிலில் தமிழ்நாட்டுக்கும் கோவாவுக்கும் ஓட்டு மதிப்பு ஒன்றே! 18 பேர் பேசக்கூடிய ஒரு விஷயம், ஒரே ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். முன்பு கலால் வரியை மத்திய அரசு தன் இஷ்டத்துக்கு நிர்ணயித்தது; மாநிலங்களுக்கு அதில் பேச்சே இல்லை. இப்போது ஒரு நாற்காலியாவது இருக்கிறது. அது வேலை செய்த சம்பவமும் உண்டு. ஜவுளிக்கு ஜி.எஸ்.டி.யை 5-லிருந்து 12 சதவிகிதமாக உயர்த்தும் முடிவு 2022 ஜனவரி 1-ல் அமலுக்கு வர இருந்தது. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக்காரர்கள் முதல் சூரத் வியாபாரிகள் வரை கதிகலங்கிய நேரம். தமிழ்நாடு, குஜராத் உள்ளிட்ட பல மாநிலங்கள் எதிர்த்தன. 2021 டிசம்பர் 31 அன்று, புத்தாண்டுக்குச் சில மணி நேரம் முன்பு, நிர்மலா சீதாராமன் தலைமையில் கூடிய கவுன்சில் அந்த உயர்வை நிறுத்திவைத்தது.

2025 செப்டம்பரில் கவுன்சில் கூடி விகிதங்களை மாற்றியது. லாரிக்கு 28 சதவிகிதம் 18 ஆனது. ஸ்டார்ச் மாவுக்கு 12 சதவிகிதம் 5 ஆனது. செயற்கை இழை நூலுக்கும் 12-லிருந்து 5. நாமக்கல் லாரிக்காரருக்கும், சேலம் ஆலைக்காரருக்கும், குமாரபாளையம் தறிக்காரருக்கும் இவை நல்ல செய்திகள். ஆனால் கவனிக்க வேண்டியது, இவை எதுவும் மாநிலங்களவையில் வாக்கெடுப்புக்கு வந்து நடந்தவை அல்ல. நல்லதும் அங்கேதான் முடிவாகிறது, கெட்டதும் அங்கேதான்.

எந்தக் கதவைத் தட்டுவது?

ஆகவே, கோரிக்கை மனு எழுதும் சங்கங்களுக்கு முதலில் விலாசம் தெரிய வேண்டும்.

ஜவ்வரிசிக்கு வரி வேண்டாம் என்றால் அது கவுன்சில் விஷயம். அங்கே தமிழ்நாட்டின் நாற்காலியில் உட்காருபவர் மாநில நிதி அமைச்சர். எனவே முதல் கதவு சென்னையில். அவர் மட்டும் பேசினால் போதாது. ஜவ்வரிசி சாப்பிடும் மாநிலங்களும் சேர்ந்து பேசினால்தான் எடை கூடும்.

வெள்ளி இறக்குமதிக்கான சுங்க வரி கவுன்சிலுக்குப் போகாது. அது மத்திய அரசின் கையில். 2024 ஜூலை பட்ஜெட்டில் தங்கம், வெள்ளிக்கான வரி 15-லிருந்து 6 சதவிகிதமாகக் குறைந்தது அப்படித்தான். கொலுசுப் பட்டறைக்காரர்களின் கதவு டெல்லியில்.

டீசலுக்கு இரண்டு கதவு. கலால் வரிக்கு மத்திய நிதி அமைச்சர், வாட் வரிக்கு மாநில அரசு. டீசலை ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவர வேண்டுமானால் கவுன்சில் பரிந்துரைக்க வேண்டும். அதுவரை டீசலுக்குக் கட்டிய வரியை லாரிக்காரர் ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ள முடியாது.

முட்டையில் இன்னொரு நுணுக்கம். முட்டைக்கு வரி இல்லை என்பதால், கூண்டுக்கும் இயந்திரத்துக்கும் கட்டிய வரியைப் பண்ணைக்காரர் திரும்பப் பெற முடியாது. வரி இல்லை என்ற வார்த்தைக்குள்ளேயே ஒரு வரி ஒளிந்திருக்கிறது.

அப்படியானால் அந்த 18 பேர்?

ஓட்டுப் பலம் குறைந்தாலும் மாநிலங்களவைக்கு ஒரு பலம் மிச்சமிருக்கிறது. கேள்வி கேட்பது. அங்கே நிதி அமைச்சர் பட்ஜெட் விவாதத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். உறுப்பினர்களின் கேள்விகளுக்கு எழுத்திலும் வாய்மொழியாகவும் பதில் தர வேண்டும். பதில் அவைக் குறிப்பில் ஏறும். ஏறிய பதிலை நாளைக்கு மறுக்க முடியாது. மக்களவையில் நம் தொகுதி எம்.பி. கேட்கலாம், மாநிலங்களவையில் மாநிலம் முழுவதற்கும் பொதுவான 18 பேர் கேட்கலாம். ஒரு தொகுதிக்கு மட்டும் என்ற எல்லை அவர்களுக்கு இல்லை.

சேலம் ஜவ்வரிசி 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. 2025 பட்ஜெட்டில் பீகாரின் மக்கானாவுக்குத் தனி வாரியம் அறிவிக்கப்பட்டது. ‘எங்கள் மரவள்ளிக்கு என்ன?’ என்று நிதி அமைச்சரின் முகத்தைப் பார்த்துக் கேட்க, அந்த 18 பேருக்கு மசோதாவும் வேண்டாம், மூன்றில் இரண்டு பங்கும் வேண்டாம். ஒரு கேள்வித்தாள் போதும்.

அந்த 18 பேரைத் தேர்ந்தெடுப்பவர்கள் எம்.எல்.ஏ.க்கள். எம்.எல்.ஏ.க்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் நாம். மாநில நிதி அமைச்சர் வருவதும் அதே சட்டமன்றத்திலிருந்துதான். கவுன்சிலின் ஒற்றை நாற்காலியும் மாநிலங்களவையின் 18 இருக்கைகளும், எடப்பாடியிலும் ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் விழும் சட்டமன்ற ஓட்டிலிருந்தே முளைக்கின்றன. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம் ரோட்டையும் தண்ணீரையும் கேட்கும்போது, ‘டெல்லிக்கு யாரை அனுப்புவீங்க? அவர் எங்க ஊர் கணக்கைக் கேட்பாரா?’ என்றும் ஒரு வார்த்தை கேட்டு வைக்கலாம்.

நாடாளுமன்றம் நடக்கும் நாள்களில், மாநிலங்களவையில் நிதித்துறைக் கேள்விகளுக்கான முறை வழக்கமாக செவ்வாய்க்கிழமை. சேலத்துக்காரர்களுக்கு அந்தக் கிழமையை மறக்க முடியாது. அவர்கள் பேட்டையின் பெயரிலேயே அது இருக்கிறது.