கழிமுகத்துக்கு ஒரு காலண்டர்

‘புறம்போக்கு’ என்றால் திட்டு என்றுதான் நம்மில் பலருக்குத் தெரியும். உண்மையில் அது வருவாய்த் துறைச் சொல். யார் பெயருக்கும் பட்டா போடாமல் ஊருக்குப் பொதுவாக விட்டுவைத்த ஏரி, மேய்ச்சல் நிலம், கடற்கரை, உப்பங்கழி எல்லாம் அதில் அடக்கம். கபேர் வாசுகி எழுதி, டி.எம். கிருஷ்ணா பாடி, 2017 ஜனவரியில் வெளியான ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ அந்தச் சொல்லுக்கு மரியாதையைத் திருப்பிக் கொடுத்தது. அந்தப் பாடல் பேசும் இடம், கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகம்.

கும்மிடிப்பூண்டி ரயிலில் போகிறவர்களுக்கு எண்ணூரைத் தாண்டியதும் ஜன்னல் வழியே தெரிவது புகைபோக்கிகள்தான். கொஞ்சம் தலையைத் தாழ்த்தித் தண்ணீரைப் பாருங்கள். அங்கே தனியாக ஒரு காலண்டர் ஓடுகிறது.

ஐப்பசி, கார்த்திகையில் மழைவெள்ளம் இறங்கி, முகத்துவார மணலைத் தள்ளித் திறக்கும். ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கிற இடத்தில்தான் இறால் குஞ்சுகள் வளரும். இருளர் பெண்கள் தண்ணீருக்குள் அமர்ந்து, சேற்றைக் கையால் தடவியே இறால் பிடிப்பார்கள்.

மார்கழி, தையில் வெளிநாட்டு விருந்தாளிகள் வருவார்கள். சேற்றைக் கொத்தும் உள்ளான்கள், ஊசிவால் வாத்துகள். இன்னும் வடக்கே, பழவேற்காடு ஏரியில் பூநாரைக் கூட்டம்.

மாசி, பங்குனி ஆமைகளின் காலம். இரவில் கரையேறி முட்டையிடும் சித்தாமைக்குப் ‘பங்குனி ஆமை’ என்றே ஒரு பெயர் உண்டு. சுமார் 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் மணலைக் கிளறிக்கொண்டு கடலுக்கு ஓடும்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை; காசிமேட்டில் விசைப்படகுகள் ஓய்வெடுக்கும். கழியிலோ தண்ணீர் வற்றி, சேற்றுத் திட்டுகளில் கொக்கும் நாரையும் காத்து நிற்கும்.

இந்தக் காலண்டரில்தான் இப்போது தாள்கள் கிழிகின்றன. அனல்மின் நிலையக் குழாய்களிலிருந்து கசிந்த சாம்பல், ஆற்றின் ஆழத்தைத் தூர்த்தது. கப்பல்கள் வழியே வந்ததாகக் கருதப்படும் தென் அமெரிக்க மட்டி ஒன்று, மீனவர்கள் ‘காக்கா ஆழி’ என்று அழைப்பது, அடித்தரையைக் கம்பளம்போல் மூடி இறாலுக்கு இடமில்லாமல் செய்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்தது. வலையும் படகும் கறுத்தன. கூழைக்கடாக்களின் இறகிலும் எண்ணெய் அப்பியது.

இதையெல்லாம்விட ஆபத்தானது காகிதம். 1996-ல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல வரைபடத்தில் இந்தக் கழிமுகம் பாதுகாக்கப்பட்ட நீர்ப்பகுதி. பின்னாளில் வந்த ஒரு வரைபடத்தில் கழிமுகத்தையே காணவில்லை என்பதை 2017-ல் ஆர்வலர்கள் தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் வெளிக்கொண்டு வந்தார்கள். அந்த அக்டோபரில் கமல்ஹாசனும் நேரில் வந்து பார்த்தார். 2022-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், சாம்பல் மாசுக்கு மின்வாரியமே பொறுப்பு என்று சொல்லி, சீரமைக்கவும் உத்தரவிட்டது. இந்த வழக்குகளுக்கு உயிர் கொடுத்தது, எந்த மாதம் எங்கே எவ்வளவு ஆழம், என்ன மீன் என்று மனப்பாடமாகத் தெரிந்த மீனவர்களின் அறிவு.

இங்கிலாந்திலும் இப்படி ஒரு கதை உண்டு. மான்செஸ்டர் ஆலைத் தொழிலாளர்களுக்கு மூச்சுவிட இருந்த இடம், பக்கத்து மலைமேட்டுப் புல்வெளி. பணக்காரர்கள் வேட்டைக்காக அதை அடைத்து வைத்திருந்தார்கள். 1932 ஏப்ரல் 24 அன்று சில நூறு பேர் தடையை மீறி அங்கே நடந்தார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1951-ல் அந்தப் பகுதிதான் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவானது. ஆரம்பம் வெறும் நடைதான்.

நாமும் நடக்கலாம். அடுத்த பொங்கல் விடுமுறையில் பிள்ளைகளை எண்ணூருக்கோ பழவேற்காட்டுக்கோ கூட்டிப்போங்கள். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் சேரலாம். கால் மணி நேரம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி, கையிலுள்ள போனில் ‘இ-பேர்ட்’ செயலியில் பதிந்தால் போதும். தேதியோடும் இடத்தோடும் அது நிலைத்திருக்கும்.

நாளை யாராவது “அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் சேறு” என்று சொன்னால், எடுத்துக்காட்ட உங்கள் பட்டியலும் இருக்கட்டும்.