கப்பல் ஊழியரின் சம்பளம் பயணியின் மனநிலையைப் பொறுத்ததா?

சொகுசுக் கப்பல் பயணத்துக்கு விளம்பரத்தில் போடும் விலை ஒன்று. இறங்கும் நாளில் கணக்கு முடிக்கும்போது கட்டும் தொகை வேறு. இடையில் ஏறும் செலவுகளில் ஏறக்குறைய எல்லோர் கணக்கிலும் வந்து நிற்பது டிப்ஸ். சாதாரண கேபினில் தங்கும் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு 18.50 டாலர் என்று 2023 நவம்பரில் ராயல் கரீபியன் நிறுவனம் உயர்த்தியது. அதே ஆண்டில் நார்வீஜியன் 20 டாலருக்கும், கார்னிவல் 16 டாலருக்கும் போயின. 18.50 டாலர் கணக்கில் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் ஏழு இரவு பயணம் செய்தால் 518 டாலர். நம் பணத்தில் நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல். பிள்ளைகளுக்குப் பாதி என்பதெல்லாம் கிடையாது. இந்தத் தொகையைப் பார்த்ததும் பயணிகள் இரண்டு கட்சியாகிவிடுகிறார்கள். கொடுப்பதுதான் பண்பு என்கிறது ஒரு கட்சி. மனம் விரும்பிக் கொடுக்க வேண்டியதைக் கணக்கில் எழுதிப் பிடிப்பதற்கு இவர்கள் யார் என்கிறது இன்னொன்று. இரண்டுமே இதை அன்பளிப்பு என்று எடுத்துக்கொண்டுதான் வாதிடுகின்றன. உண்மையில் இது ஊழியரின் சம்பளத்தில் ஒரு பகுதி; நிறுவனம் தன் தலையிலிருந்து இறக்கிப் பயணியின் தலையில் வைத்திருக்கிறது. ஆகவே பயணி இதைக் குறைக்காமல் கட்ட வேண்டும். நிறுவனமோ இதை டிக்கெட் விலையிலேயே சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த இரண்டில் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் கேட்பது நியாயமாகாது.

முன்பு இருந்த முறை வேறு. பயணம் முழுவதும் ஒரே மேசை, குறித்த நேரம், அதே வெயிட்டர். கடைசி இரவில் வெயிட்டருக்கு, உதவி வெயிட்டருக்கு, அறையைச் சுத்தம் செய்தவருக்கு என்று தனித்தனி உறைகளில் பணம் வைத்துப் பயணி தன் கையாலேயே கொடுப்பார். விரும்பிய நேரத்தில் விரும்பிய உணவகத்தில் சாப்பிடலாம் என்ற ஏற்பாட்டை நார்வீஜியன் 2000இல் கொண்டுவந்தது. இரவுக்கு ஒரு வெயிட்டர் என்று ஆனபின் உறையை யாரிடம் நீட்டுவது? நாள் கணக்கில் தானாகப் பதிவாகும் தொகை இப்படிப் பரவியது; பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாக இதற்கு மாறின. மாற்றத்தில் ஒரு நியாயமும் இருந்தது. உறை முறையில் பயணியின் கண்ணில் பட்டவருக்கு மட்டுமே பணம் போனது. கீழ்த்தளத்தில் துணி வெளுப்பவருக்கும், நள்ளிரவில் பாத்திரம் கழுவுபவருக்கும் எதுவும் வரவில்லை. பொதுத் தொகுப்பு வந்தபின் அவர்களுக்கும் பங்கு கிடைத்தது. ஆனால் அன்றோடு அந்தப் பணத்தின் தன்மையும் மாறிவிட்டது. எவ்வளவு என்று முடிவு செய்வது நிறுவனம், வசூலிப்பது நிறுவனம், யாருக்கு எத்தனை பங்கு என்று பிரிப்பதும் நிறுவனம். பெறுபவரின் முகம்கூடத் தெரியாமல் கொடுக்கும் பணத்தை அன்பளிப்பு என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

சம்பளத்தை இப்படிப் பயணியிடம் தள்ளிவிட முடிவதற்குக் காரணம், கப்பலின் பின்புறம் பறக்கும் கொடி. மயாமியில் தலைமையகம் வைத்து, அமெரிக்கப் பயணிகளை ஏற்றி, அமெரிக்கத் துறைமுகத்திலிருந்தே கிளம்பினாலும் இந்தக் கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா, பெர்முடா, மால்டா போன்ற நாடுகளில் பதிவு செய்யப்பட்டவை. வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பலில் வேலை பார்ப்பவருக்கு அமெரிக்காவின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது. ஹவாய் தீவுகளைச் சுற்றிவரும் 'பிரைடு ஆஃப் அமெரிக்கா' போல அமெரிக்கக் கொடியோடு ஓடும் பெரிய பயணக் கப்பல் அபூர்வம். மிச்சமிருக்கும் பாதுகாப்பு, 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. கேபின் பணியாளரும் சமையல்காரரும்கூட இதன் பார்வையில் கடலோடிகள்தான். ஆனால் அதன் வரம்புகள் தாராளமானவை. ஏழு நாளில் மொத்தம் 77 மணி நேர ஓய்வு என்ற விதியை ஒரு நாடு தேர்ந்துகொண்டால், மீதி 91 மணி நேரம் வேலை வாங்க இடமிருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வழியே பேசி முடிவாகும் குறைந்தபட்ச மாத ஊதியம் 2025இல் 673 டாலர். அதுவும் திறன்பெற்ற மாலுமி என்ற ஒரே ஒரு பதவிக்கு வகுத்த தொகை. மேசை துடைப்பவருக்கு என்று அங்கே தனியாக எதுவும் நிர்ணயிக்கப்படவில்லை. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா போன்ற நாடுகளிலிருந்து ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தத்தில் வரும் ஊழியரின் வருமானக் கணக்கு இந்தச் சட்ட இடைவெளிக்குள்தான் போடப்படுகிறது. அதில் டிப்ஸ் என்பது மேல்வரும்படி அல்ல, வீட்டுக்கு அனுப்பும் பணம்.

இந்த ஏற்பாடு கடலில் பிறந்ததும் அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் ஜார்ஜ் புல்மனின் நிறுவனம் தன் ரயில் தூங்கும் பெட்டிகளில் பணியாளராக அமர்த்தியது அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களை. சொற்பச் சம்பளம், மீதியைப் பயணியின் தயவில் தேடிக்கொள் என்பதுதான் ஒப்பந்தத்தின் சாரம். 1925இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அந்தப் பணியாளர்கள் சங்கம் அமைத்தார்கள். நிறுவனம் அவர்களோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட 1937 வரை ஆனது. அவர்கள் கேட்டது பயணிகளிடமிருந்து கூடுதல் டிப்ஸ் அல்ல. முதலாளியிடமிருந்து முறையான சம்பளம், வரையறுத்த வேலை நேரம். ஆனாலும் அந்தப் பழக்கம் அமெரிக்க உணவகங்களில் சட்டமாகவே நிலைத்துவிட்டது. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும் என்ற மத்திய அரசின் வரம்பு 1991லிருந்து நகரவே இல்லை. கப்பல் நிறுவனங்கள் தம் மிகப் பெரிய சந்தையான அமெரிக்காவின் இந்த வழக்கத்தை, அந்தச் சொற்ப சட்டப் பாதுகாப்புகூட எட்டாத கடலுக்கு எடுத்துச் சென்றன.

இதைப் புரிந்துகொண்டால் பயணிகள் செய்யும் தவறுகளில் பெரியது எது என்பதும் விளங்கும். பயணத்தின் கடைசி மாலை கவுண்டரில் வரிசையில் நின்று அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்வதுதான் அது. பல நிறுவனங்கள் அதற்கு அனுமதிக்கின்றன. சேவை பிடிக்கவில்லை, அதனால் குறைக்கிறேன் என்பது கேட்க நியாயமாகவே படும். ஆனால் சூப் ஆறிப்போய் வந்ததற்காகக் குறைக்கும் பணம் அந்த வெயிட்டரிடமிருந்து மட்டும் போவதில்லை. விரிப்பு துவைத்தவரின் பங்கிலும் போகிறது. குறை இருந்தால் அன்றைக்கே மேலாளரிடம் சொல்வதுதான் வழி. மறுநாள் அது சரியாகும், தவறு செய்தவருக்கும் சேதி போய்ச் சேரும். நான் நேரில் பணமாகக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிக் கணக்கிலிருந்து நீக்குபவர்களும் உண்டு. அப்படி நீக்கிய பயணியிடமிருந்து கைக்கு வரும் பணத்தை ஊழியர் பொதுத் தொகுப்பில் சேர்த்துவிட வேண்டும் என்பது சில நிறுவனங்களின் விதி. நல்ல எண்ணத்தோடு கொடுத்தாலும் பணம் சுற்றி வளைத்துத்தான் போகிறது. கண்ணில் படாத ஊழியருக்கு இடையில் நட்டம்.

குறைவாகக் கொடுப்பது போலவே, தெரியாமல் இரண்டு முறை கொடுப்பதும் பரவலாக நடக்கிறது. பாரில் வாங்கும் ஒவ்வொரு பானத்தின் விலையோடும் 18 முதல் 20 சதவீதம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். கையெழுத்துக்கு வரும் சீட்டில் 'கூடுதல் டிப்ஸ்' என்று இன்னொரு வரியும் காலியாக இருக்கும். அதை நிரப்பியே ஆக வேண்டும் என்று நினைத்துப் பலர் நிரப்புகிறார்கள். பானத் தொகுப்பு, ஸ்பா, கட்டண உணவகம் எல்லாவற்றிலும் இதே கதை. கப்பலில் கட்டியதோடு கரையில் உள்ள வழிகாட்டிக்கும் சேர்ந்துவிட்டது என்று எண்ணுவது இதற்கு நேர்மாறான தவறு. துறைமுகச் சுற்றுலாவை நடத்துபவரும், மயாமியில் பெட்டி தூக்குபவரும் கப்பலின் ஊழியர்கள் அல்லர். அந்தத் தொகுப்பில் அவர்களுக்குப் பங்கு கிடையாது. அதே சமயம் கப்பல் ஜப்பானில் நின்றால் அங்கே டிப்ஸ் நீட்டும் வழக்கமே இல்லை. கேப்டனுக்கும் அதிகாரிகளுக்கும் பணம் கொடுப்பதும் எங்கும் வழக்கமில்லை. விலைப்பட்டியலைத் தெளிவாக எழுதாமல் ஒவ்வொரு பயணியையும் ஊகிக்க விடுவதன் விளைவுதான் இத்தனை குழப்பமும்.

கேட்டதை எல்லாம் கட்டினால் நிறுவனத்தின் சுரண்டலுக்குத் துணை போவதாகாதா என்ற கேள்வி வலுவானது. பயணிகள் எல்லோரும் கட்ட மறுத்தால் நிறுவனமே நல்ல சம்பளம் கொடுக்கும் நிலைக்கு வரும் என்பது இதன் தர்க்கம். எல்லோரும் ஒரே நாளில் மறுத்தால் ஒருவேளை நடக்கலாம். நடைமுறையில் மறுப்பவர்கள் அங்கொருவர் இங்கொருவர். டிக்கெட் பணத்தை அந்தப் பயணி முன்பே கட்டிவிட்டார். நிறுவனத்தின் வருமானத்தில் கீறல்கூட விழாது. ஆக, நிறுவனத்தை நோக்கி வீசுவதாக நினைக்கும் கல் ஊழியரின் மேல்தான் விழுகிறது. நம் நாட்டிலிருந்து எழும் இன்னொரு கேள்வியும் உண்டு. உணவகங்கள் பில்லில் சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் விதித்தது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதை உறுதி செய்தார். இங்கே தவறு என்று சொன்னது கடலில் மட்டும் எப்படிச் சரியாகும்? சரியாகாது என்பதுதான் பதில். ஆனால் வெளிப்படையாகச் சொன்ன விலைக்கு மேல் வேறு பெயரில் வசூலிக்கக் கூடாது என்ற அந்தக் கொள்கையைக் கப்பலுக்குப் பொருத்தினால் கிடைப்பது, ஊழியரின் பங்கை வெட்டும் உரிமை அல்ல. அந்தப் பங்கை விலைக்குள் கொண்டுவரும்படி நிறுவனத்தைக் கேட்கும் உரிமை.

அது முடியாத காரியமும் அல்ல. பிரிட்டனின் பி அண்டு ஓ நிறுவனக் கப்பல்களில் அடிப்படை ஊதியம் மணிக்கு 75 பென்ஸ் என்று 2012இல் கார்டியன் நாளிதழ் எழுதியபோது அங்கே பெரிய சர்ச்சை எழுந்தது. அதே நிறுவனம் 2019இல் நாள்வாரிச் சேவைக் கட்டணத்தைக் கைவிட்டு எல்லாவற்றையும் டிக்கெட் விலையில் அடக்கியது. அதனால் அதன் வியாபாரம் முங்கிவிடவில்லை. ரீஜன்ட், சில்வர்சீ, சீபோர்ன் போன்ற உயர்விலை நிறுவனங்கள் டிப்ஸைச் சேர்த்தே விலை சொல்கின்றன. அமெரிக்காவிலும் பாதி தூரம் வந்தாகிவிட்டது. மறைமுகக் கட்டணங்களைத் தடுக்கும் கலிஃபோர்னியாச் சட்டம் 2024 ஜூலையில் அமலுக்கு வந்ததும், பெரிய கப்பல் நிறுவனங்கள் நாடு முழுவதற்குமான விளம்பரங்களில் வரியையும் துறைமுகக் கட்டணத்தையும் சேர்த்து விலை காட்டத் தொடங்கின. டிப்ஸ் மட்டும் வெளியே நின்றது. பயணி விரும்பினால் நீக்கிக்கொள்ளலாம் என்பதால் அது கட்டாயக் கட்டணம் இல்லையாம். விலையை மலிவாகக் காட்ட உதவும் அந்த 'விருப்பம்' என்ற ஓட்டையின் மறுமுனையில் நிற்பது, இந்த மாதம் எத்தனை பேர் நீக்குவார்கள் என்று தெரியாத ஊழியர்.

டிப்ஸ் உறுதியாகிவிட்டால் ஊழியர்கள் அக்கறை காட்ட மாட்டார்கள் என்று சிலர் அஞ்சுகிறார்கள். இப்போதே பணம் பொதுத் தொகுப்புக்குத்தான் போகிறது. ஒருவர் விழுந்து விழுந்து கவனித்தாலும் அந்தப் பயணியின் நாள் தொகை ஒரு காசு கூடப் போவதில்லை. டிப்ஸ் வாங்காத சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பணியாளர்களின் உபசரிப்புக்கு உலகமே சான்று சொல்கிறது. நல்ல சேவை வருவது பயிற்சியாலும், மேற்பார்வையாலும், பதவி உயர்வு கிடைக்கும் என்ற நம்பிக்கையாலும். ஊரில் கிடைப்பதைவிடக் கப்பலில் அதிகம் கிடைப்பதால்தானே போகிறார்கள், இதில் நமக்கென்ன என்பது இன்னொரு வாதம். அதிகம் கிடைப்பது உண்மை. அந்தப் பணத்தில் வீடுகள் எழும்புவதும் பிள்ளைகள் படிப்பதும் உண்மை. ஆனால் ஒருவருக்கு வேறு நல்ல வாய்ப்பு இல்லை என்பது, அவருடைய சம்பளத்தை அந்நியரின் மனநிலையோடு கட்டிப்போடக் காரணமாகிவிடாது. விலை கூடிவிடும் என்ற பயமும் வேண்டாம். பயணி இன்றைக்கும் அந்த 518 டாலரைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். அது விளம்பரத்தில் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நாள்வாரித் தொகையைப் பயணி டிக்கெட்டின் ஒரு பகுதியாகவே கருதி முன்கூட்டியே கட்டிவிடுவது நல்லது. கட்டியபின் விலை உயர்ந்தாலும் பெரும்பாலும் பழைய தொகையே செல்லும். செலவுத் திட்டமும் குலையாது. மிக நன்றாகக் கவனித்தவருக்குத் தனியாக ஏதாவது கொடுக்கத் தோன்றினால் கொடுக்கலாம். கருத்துப் படிவத்தில் அவர் பெயரை எழுதுவதும் அவருடைய அடுத்த ஒப்பந்தத்துக்கு உதவும். நிறுவனத்தின் மீதான கோபத்தைக் காட்ட வேண்டிய இடம் கடைசி இரவின் கவுண்டர் அல்ல, டிக்கெட் வாங்கும் நேரம். இரண்டு நிறுவனங்களின் விலையை ஒப்பிடும்போது டிப்ஸையும் கூட்டி ஒப்பிட வேண்டும். முழு விலையையும் முன்பே சொல்பவரிடம் வாங்க வேண்டும். பயண முகவரிடமும் அந்த முழுத் தொகையைத்தான் கேட்க வேண்டும். விற்பனை குறைவது நிறுவனத்துக்கு உறைக்கும் அளவுக்கு, ஊழியரின் பங்கு குறைவது ஒருநாளும் உறைக்காது.