இயந்திரம் வெட்டுகின்றது, கூலி எங்கே செல்கின்றது?

திருகோணமலை மாவட்டத்தில், வெருகல் பிரதேசத்தின் இலங்கைத்துறை தொடக்கம் மூதூர், கிண்ணியா, கந்தளாய் வரையான வயல்வெளிகளில் வேளாண்மை வெட்டு இன்று பெரும்பாலும் இயந்திரத்தின் பணியாகிவிட்டது. வெட்டி, உப்பட்டி கட்டி, சூடு வைத்து, சூடடித்து நெல்லாக்குவதற்குப் பல நாட்களும் பல கைகளும் தேவைப்பட்ட காலம் மலையேறிவிட்டது. மழை மிரட்டும் வேளையில் விவசாயிக்கு இது பேருதவி என்பதில் சந்தேகமில்லை. எனினும், அந்தக் கைகளுக்குரிய கூலி இப்போது எங்கே செல்கின்றது என்ற வினாவை நாம் எழுப்பியே ஆகவேண்டியுள்ளது.

இவ்விடயத்தில் பருத்தியின் வரலாறு ஒரு பாடமாகும். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 1936ஆம் ஆண்டு ரஸ்ட் சகோதரர்கள் பருத்தி பறிக்கும் இயந்திரத்தை மக்கள் முன்னிலையில் இயக்கிக் காட்டினர். 1944இல் அதே மாநிலத்தின் ஹொப்சன் பண்ணையில் விதைப்பு முதல் பொதி கட்டுதல் வரை அனைத்தையும் இயந்திரங்களே செய்தன. 1960களின் இறுதியில் அந்நாட்டுப் பருத்தி ஏறத்தாழ முழுவதும் இயந்திரங்களாலேயே பறிக்கப்பட்டது. வேலையிழந்த கறுப்பினத் தொழிலாளரின் மறுவாழ்வுக்குப் போதிய ஏற்பாடு செய்யப்படவில்லை. அவர்களுள் பலர் சிக்காகோ போன்ற வட நகரங்களின் நெரிசலுக்குள் தஞ்சம் புகுந்தனர்.

இந்தியாவிலோ பருத்தியைப் பெரும்பாலும் பெண்களின் கைகளே இன்னமும் பறிக்கின்றன. காய்கள் ஒரே வேளையில் வெடிக்காமையும் நிலம் சிறு துண்டுகளாக இருப்பதும் அங்கு இயந்திரத்துக்குத் தடையாகவுள்ளன. ஒருங்கே முற்றும் நெற்கதிருக்கு அத்தகைய தடை இல்லை. எனவேதான் எமது வயல்களில் மாற்றம் விரைந்து வந்தது.

2006இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்து, பின்னர் மீளக்குடியேறிய கிராமங்களில் காணியற்ற குடும்பங்களுக்கு அறுவடைக் கூலி ஒரு பிடிமானமாகும். அந்தப் பிடிமானம் நழுவும்போது அதற்கு ஈடாக எது வழங்கப்படுகின்றது?

காணியுள்ள சிறு விவசாயியின் நிலையும் முழு ஆறுதலுக்குரியதன்று. இயந்திரம் அவருடையதன்று. வட்டை முழுவதும் ஒரே வாரத்தில் விளைந்து நிற்கையில், வாடகையை நிர்ணயிக்கும் பலம் இயந்திர உரிமையாளரிடமே சென்றடைகின்றது. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியோ, டீசல் இன்றேல் அறுவடையும் இல்லை என்பதை உணர்த்திற்று. மேலும், உப்பட்டியாகக் கிடந்து காயும் இடைவெளி மறைந்துவிட்டதால் நெல் ஈரத்துடனேயே மூடைக்குள் செல்கின்றது. நெல் சந்தைப்படுத்தல் சபை எதிர்பார்ப்பதோ 14 சதவீத ஈரப்பதனையாகும். காயவைக்கத் தளமற்றவர் வீதியோரத்தை நாடவேண்டும். அன்றேல் வியாபாரி கூறும் விலைக்குத் தலையசைக்கவேண்டும்.

இயந்திரத்தைத் தடுப்பது தீர்வாகாது, அது சாத்தியமுமன்று. கமநல சேவை நிலையங்களின் மேற்பார்வையில் விவசாய அமைப்புகளே இயந்திரங்களை உடைமையாக்கிக்கொள்ள இலகு கடன் வழங்கப்படவேண்டும். கிராமந்தோறும் உலர்த்தும் தளங்கள் அமையவேண்டும். உத்தரவாத விலை அறுவடைக்கு முன்னரே அறிவிக்கப்படவேண்டும். இயந்திரங்களை இயக்கவும் பழுதுபார்க்கவுமான பயிற்சியில், கூலியிழந்த குடும்பங்களின் இளைஞர் யுவதிகளுக்கே முதலிடம் அளிக்கப்படவேண்டும்.

இயந்திரம் மிச்சப்படுத்தும் நேரமும் பணமும் வயலை நம்பி வாழும் அனைவருக்கும் பகிரப்படும்போதே அதனை முன்னேற்றம் என்று கூறமுடியும். பருத்தி வயல்களில் காலங்கடந்து உணரப்பட்ட இவ்வுண்மையை, அடுத்த போகத்துக்கு முன்னராவது எமது அதிகாரிகள் உணர்வார்களாக.